சத்தம் இல்லாத நீலாம்பரி

போன வாரம் ஜெனிபர் போன் செய்தாள். எங்கள் கல்லூரியில் இரண்டாம் வருட இசை மாணவி. வீடு மலைமேல், சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டத்தில். மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டதால், ஊருக்குப் போனவளால் ஹாஸ்டலுக்குத் திரும்ப முடியவில்லை. வர முடியாதவர்களுக்காகவே என் வகுப்பை வீடியோ எடுத்து, கல்லூரியின் இணையச் சேனலில் போட்டிருந்தோம்.

"டீச்சர், நீங்க பேசுறது நல்லா கேக்குது. நாதஸ்வரத்துல நீலாம்பரி வர்ற இடத்துல மட்டும் சத்தமே இல்ல. திங்கக்கிழம பரீட்சைக்கு நான் என்ன செய்ய?"

திறந்து பார்த்தேன். காப்புரிமை காரணமாக இணையத்தளத்தார் அந்த இசையை மட்டும் ஊமையாக்கிவிட்டார்கள். வீடியோவில் நான் கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டி... ஒன்றுமில்லாததை ரசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பிரின்சிபால் கொழிஞ்சாம்பாறைக்காரர், கொங்குப் பேச்சு. "ஏனுங்க டீச்சர், நோட்டீசு கீட்டீசு வந்தா யாருங்க பதில் சொல்றது? மொத்தமா எடுத்துப்போடுங்க" என்றார்.

சேனலிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வகுப்பறைக்குள் பாடத்துக்காகப் போட்டுக் காட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது. இணையத்தில் ஏற்றினால் அது வகுப்பறையா, கடைவீதியா? வாசித்தவருக்கும் குடும்பம் இருக்குமே.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் ஊர் பெருமாட்டியிலிருந்து டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். "இன்னைக்கு என்ன பாட்டுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பார். கேசட் ஓடத் தொடங்கினால், அடுத்த அறையில் எகனாமிக்ஸ் பாடம் நின்றுவிடும். அந்த வாத்தியார் சாக்பீஸும் கையுமாக எங்கள் ஜன்னலோரம் வந்து நிற்பார். கரண்ட் போனால், வாட்ச்மேன் தன் டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தருவார்.

உரிமை யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. பாட்டைக் கேட்டார்கள், கலைந்தார்கள். எவரும் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

இப்போது ஜெனிபருக்கு என்ன செய்வது? ஃபைலை அனுப்பினால் அது எத்தனை கைக்குப் போகுமோ. நானே பாடலாம்... ஆனால் நாதஸ்வரத்தின் அந்தக் குழைவு என் தொண்டையில் வராது. பரீட்சையிலோ அதைத்தான் கேட்டு எழுத வேண்டும்.

ஞாயிறு காலை அவளைப் போனில் கூப்பிட்டேன். அவர்கள் ஊரில் சர்ச் படிக்கட்டில்தான் சிக்னல் கிடைக்குமாம். போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து, நாதஸ்வரத்தை ஓடவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். நடுவில் லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டேன். "அந்த மத்திம ஸ்வரம் எப்படி அசையுது, கவனி" என்றேன். ஜெனிபர் அதை அப்படியே பாடிக் காட்டினாள். நிம்மதியாக இருந்தது.

அப்போது யாரோ இருமினார்கள்.

"யாரும்மா பக்கத்துல?"

"அம்மா, டீச்சர். சித்தியும் இருக்காங்க. அப்புறம்... பூசைக்கு வந்தவங்க கொஞ்சப் பேரு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

அவள் அம்மா போனை வாங்கினார். "டீச்சர், நல்லா இருந்துச்சு. அடுத்த வகுப்பு என்னைக்கு?"

எங்கள் பழைய வகுப்பறை ஜன்னல் சாந்தன்பாறை வரைக்கும் திறந்துகொண்ட மாதிரி இருந்தது.

அன்று மதியமே ரோடு திறந்தது. திங்கட்கிழமை ஜெனிபர் வந்து பரீட்சை எழுதினாள். ராகத்தைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தாள்.

மாணவர்கள் கேட்டால் தவறில்லை என்கிறது சட்டம். சர்ச் படிக்கட்டில் இருந்தவர்களையும் அட்டெண்டன்ஸில் சேர்த்துவிட்டால் போயிற்று!