நான் வாங்கிவைத்த காணிக்கைகள்

ஞாயிறு பூசையில் காணிக்கை கொண்டுவருகிறவர்களை வரிசையில் நிறுத்துவதும், கொண்டுவந்ததை வாங்கிவைப்பதும் ஃபாதருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார் வேலை. பார்க்க ரொம்பச் சுலபம். ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமத்து மாதா கோயிலில் பதினெட்டு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். கோயிலோ, பள்ளிக்கூட ஆண்டு விழாவோ, நாலு பேர் கொடுப்பதை வாங்கிவைக்கும் பொறுப்பில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு என் பாடு புரியும்.

வரிசையில் ஒரு வஞ்சிரம்

சவரியம்மா மீமிசல் கடற்கரையில் மீன் எடுத்து, பஸ்ஸில் எங்கள் ஊர் வரை கொண்டுவந்து விற்பவர். ஒரு தடவை அவர் வீட்டுக்காரர் போன படகு இரண்டு நாளாகத் திரும்பவில்லை. சவரியம்மா கோயிலுக்கு வந்து மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றார். மூன்றாம் நாள், இன்ஜின் பழுதான அந்தப் படகை இன்னொரு படகு கட்டி இழுத்துவர, மனிதர் கரை சேர்ந்தார்.

அடுத்த ஞாயிறு பூசையில், மெழுகுவர்த்திக்கும் பூத்தட்டுக்கும் நடுவே, ஈரச் சாக்கில் சுற்றிய கைநீள வஞ்சிரத்தோடு நிற்கிறார். முன்வரிசைக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். "கவுச்சி அடிக்குதேக்கா, கருவாடா இருந்தாலாவது பொட்டலம் கட்டி வச்சிரலாம்" என்றேன். வரிசையை விட்டு நகராமலே சொன்னார்: "வித்தது போக மிஞ்சினாத்தான் உபதேசியாரே கருவாடு. மாதாவுக்கு மிஞ்சினதயா குடுக்கச் சொல்றீங்க?"

பூக்காரர்

பொன்னமராவதிப் பக்கமிருந்து கருப்பையா என்பவர் ஒவ்வொரு திருவிழாவுக்கும் தேருக்கு இரண்டு கூடை பூ கொண்டுவருவார். கும்பிடுவது அவர் குலசாமியை. தேரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். ஒரு வருஷம் மறித்து, "இருங்க, ஒங்க பேர மைக்ல சொல்லிர்றேன்" என்றேன். "மைக்ல சொன்னா ஊருக்குத்தாங்க கேக்கும். நான் ஊருக்கா பூக் கொண்டாந்தேன்?"

லுங்கி கட்டியவர்

சிங்கப்பூரில் வெகுகாலம் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், போன திருவிழாவில் ஊருக்கே மத்தியானச் சாப்பாட்டை ஏற்றுக்கொண்டார். போனில் பேசியதுதான், முகம் தெரியாது. அன்று காலை பார்த்துக் கழிப்பறை கழுவ வேண்டிய ஆள் வரவில்லை. பதறிக்கொண்டு ஓடினேன். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் பிளீச்சிங் பவுடரும் துடைப்பமுமாக உள்ளே நின்றார். யாரோ கூலிக்கு அனுப்பிய ஆள் என்று நினைத்து, "அங்கிட்டு மூலையையும் நல்லாத் தேய்ப்பா" என்று அதட்டிவிட்டு வந்தேன். அவரும் தேய்த்தார்.

மத்தியானம் பந்தியைத் தொடங்கிவைக்க, சாப்பாடு கொடுத்தவரை ஃபாதர் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது எழுந்து வந்தது காலையில் நான் அதட்டிய அதே ஆள். ஓரமாகக் கூட்டிப்போய், கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க. சாப்பாட்ட எங் காசு குடுத்துச்சு. நான் குடுத்தது காலையில நீங்க பாத்ததுதான்."

மூணு மரம்

பெரிய புயல் அடித்த வருஷம். எங்கள் ஊர் லூர்துசாமியின் தென்னந்தோப்பு ஒரே ராத்திரியில் சாய்ந்துவிட்டது. மூணு தென்னைதான் நின்றது. பொங்கலன்று விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருவது எங்கள் கோயிலில் வழக்கம். "இந்த வருஷம் யாரும் எதுவும் கொண்டுவர வேண்டாம்" என்று நானே மைக்கில் அறிவித்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு.

பொங்கலன்று லூர்துசாமி ஒரு தேங்காய்க் குலையை முழுசாகத் தோளில் சுமந்து வந்து நின்றார். "சொன்னேன்லங்க, வேணாம்னு. ஒங்களுக்கே ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. வேரோடு கிடந்த மரங்களுக்கு நடுவில் நின்றபோதுகூட அந்த முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை. தோப்பைப் புயல் கொண்டுபோனது. கொடுக்கிற கையை நான் பிடுங்கப் பார்க்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு கையாலும் குலையை வாங்கிப் பீடத்தடியில் வைத்தேன்.

துண்டால் தோளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "விழுந்ததுக்கு அழுதாச்சுங்க. நின்னதுக்கு நன்றி சொல்ல வேணாமா?"

கொடுப்பது எப்படி என்று மறைக்கல்வி வகுப்பில் பாடம் எடுப்பவன் நான். பரீட்சையில் பாஸாகிறவர்கள் மட்டும் எப்போதும் வேறு யாரோ.