குளித்த பிறகும் ஓடும் வெந்நீர்

நான் குளித்து முடித்து வெளியே வந்த பிறகும் எங்கள் வீட்டுக் குளியலறையில் வெந்நீர் ஓடும். லண்டனுக்கு வந்த புதிதில் எனக்கு இது பிடிபடவில்லை. குழாயைத் திறந்ததும் சுவரில் மாட்டியிருக்கும் கேஸ் கீசருக்குள் ‘குப்’பென்று தீ பற்றும், மூடினால் அணையும். நான் மூடிவிட்டு வந்து தலை துவட்டும்போது மறுபடியும் ‘குப்’. பிறகு நெடுநேரம் தண்ணீர் விழும் சத்தம். அந்த வாடகை வீட்டில் என்னோடு இருக்கும் தனபால் குளிக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் கதவு திறந்திருந்தது. அவன் உடுப்போடு நின்று, நான் உட்கார்ந்து குளித்த தொட்டியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். “அழுக்கு ஜாஸ்தியா இருந்துச்சுப்பா, அதான்” என்றான். தொட்டியில் அழுக்கில்லை. தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் நான் வெளியே வந்திருந்தேன்.

தனபால் கள்ளக்குறிச்சிக்காரன். நான் மணலூர்பேட்டைப் பக்கம். இருவருக்கும் ஒரே உணவகத்துச் சமையலறையில் வேலை. முதல் நாள் என் பேச்சைக் கேட்டதுமே, “நம்ம ஊரா நீ?” என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். ஊரைக் கேட்டான், பிறகு தெருவைக் கேட்டான். சொன்னேன். அவன் கை மெல்லத் தளர்ந்து விலகியது. ஆனாலும் வாடகையைப் பங்குபோட அவனுக்கு ஆள் வேண்டியிருந்தது, எனக்குத் தமிழ் கேட்கும் ஒரு வீடு வேண்டியிருந்தது.

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம். நான் புறப்பட்ட அன்று சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. கள்ளக்குறிச்சி வரை எப்படியோ வந்து, அங்கிருந்து பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, விழுந்துகிடந்த மரங்களை ஏறி இறங்கி, நானும் அப்பாவும் சின்னசேலம் ஸ்டேஷனுக்கு நடந்தோம். மரம் வெட்டியவர்கள் கேட்டதில் எனக்குக் குறையில்லை. படிப்பும் வேலையும் வேண்டும் என்று யார் கேட்டாலும் நியாயம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் சிலர் சாலையை மறித்த கையோடு எங்கள் தெருக் கூரைகளுக்கும் தீ வைத்துவிட்டுப் போனார்கள்.

அப்பா ஒரு பண்ணையார் வீட்டில் வெந்நீர் அடுப்புக்கு விறகு தள்ளியவர். அந்த வீட்டுக் குளியலறையில் அண்டா சுவருக்கு உள்ளே இருக்கும், அடுப்பின் வாய் சுவருக்கு வெளியே. ஒரு நாள்கூட அந்தத் தண்ணீரை அவர் தொட்டதில்லை. லண்டனில் கீசரைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். தீயும் தண்ணீரும் ஒரே பெட்டிக்குள். உள்ளே வெளியே என்ற பேச்சே கிடையாது. அதனால்தானோ என்னவோ அதைப் பராமரிக்கிற வேலையை ஆசையாக எடுத்துக்கொண்டேன். பைலட் என்கிற, கீசருக்குள் எந்நேரமும் எரியும் சின்னச் சுடர் காற்றில் அணைந்தால் ஏற்றுவது நான். மூடியைத் துடைப்பதும் நான். தனபாலுக்குத் தீக்குச்சியோடு அதன் பக்கத்தில் போகவே பயம்.

குளிர்காலம் தொடங்கியபோது, நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்தது. மூடியெல்லாம் கரி. வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆள் அனுப்புகிறேன் என்றார், அனுப்பவில்லை. அதுவரைக்கும் ஜன்னலைத் திறந்துவைத்து, சட்டென்று குளித்துவிட்டுக் குழாயை மூடிவிடு என்று தனபாலிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

“நம்மூரு வெள்ளிமல குளிரையே தாங்காத ஒடம்பு இது. ஜன்னல தொறந்துக்கினு எவன் குளிப்பான்? பொகையே வரல, இன்னா ஆயிடப்போவுது?” என்றான். விறகுப் புகையில் வளர்ந்த எங்களுக்கு, கண் எரியாவிட்டால் ஆபத்தில்லை. சுவரில் காற்றுக்கு விட்டிருந்த ஓட்டையிலும் பழைய லுங்கியைத் திணித்துவைத்தான். நான் பிடுங்கிப் போடுவேன், அவன் திரும்பத் திணிப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் குளித்துவிட்டு வந்தேன். ‘குப்’. தண்ணீர் விழுந்தது. டீ போட்டுக் குடித்து முடித்தும் விழுந்துகொண்டேயிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. கதவைத் தள்ளினால், ஜன்னல் சாத்தியிருந்தது, ஓட்டையில் லுங்கி, தொட்டிமேல் கவிழ்ந்து கிடந்தான் தனபால். குழாயை மூடிவிட்டு, அக்குளில் கைகொடுத்து வாசல் படி வரைக்கும் இழுத்துவந்தேன். முதல் நாள் அவன் கட்டிப்பிடித்ததற்குப் பிறகு எங்கள் உடம்பு பட்டுக்கொண்டது அன்றுதான். ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது.

வீட்டுக்காரர் அன்றைக்கே ஆள் அனுப்பினார். வந்தவர் மூடியைக் கழற்றி, புகைக்குழாயில் கைவிட்டு, கூளமாகக் கிடந்த பறவைக் கூட்டை வெளியே இழுத்தார். செம்புத் தகடுகளுக்கு இடையில் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கக் கரி கொட்டியது. குழாய் அடைத்ததால், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷவாயு அறைக்குள்ளேயே தங்கிவிட்டது என்றார். எதற்காக இவ்வளவு நேரம் ஓடவிட்டீர்கள் என்று கேட்டார். நான் குளித்த பிறகு என் நண்பன் தொட்டியைக் கழுவுவான் என்றேன்.

“உங்கள் ஆட்கள் சுத்தத்தில் கறார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நல்ல பழக்கம்தான்” என்று சிரித்தார்.

“நன்றி” என்றேன். அந்த நன்றி இன்னும் வாயில் கசக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தனபால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “நீ இல்லன்னா பொணமாத்தான் ஊருக்குப் போயிருப்பேன். எங்கம்மாவுக்கு எழுதிட்டேம்ப்பா, உன்ன சாமியா கும்புடும்.” நான் நம்பினேன். ஊருக்கு எழுதிய கடிதத்தில்கூட, இங்கே எல்லாம் மாறிவிடும் என்று அப்பாவுக்கு எழுதினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து துண்டை எடுத்தேன். ‘குப்’.

போய்ப் பார்த்தேன். தொட்டியில் ஆவி பறந்தது. என்னைக் கண்டதும் தனபால் கூச்சப்படக்கூட இல்லை, கரிசனமாகத்தான் சொன்னான்: “பயப்படாதப்பா. ஜன்னல தொறந்து வெச்சிக்கினுதான் ஊத்தறேன்.”

வேறு வீடு பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அன்று ஜன்னல் வழியாகக் காற்று பலமாக அடித்தது. பைலட் அணைந்தால் என்னைத்தான் கூப்பிடுவான். குளியலறைக் கதவுக்கு வெளியே, அப்பா நின்ற அதே பக்கத்தில், சுடர் நீலமாகத்தான் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.