மடியில் மறைத்த கிழங்கு

பொம்மி... ஈர மண்ணும் கிழங்குத் தோலும் கலந்த அந்த வாசனை இன்னும் என் கையில் இருக்கிறது. சோப்பு போட்டும் போகவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பச்சைமலைக்கு வந்தேன். உன் மகள் குழம்புக்கு வள்ளிக்கிழங்கு தோண்டப் போனாள். நானும் கூடவே போனேன்.

நம்மை அப்பா அங்கே கொண்டுபோய் விட்ட வருசம் ஞாபகம் வந்துவிட்டது. நம் ஊர் நீடாமங்கலத்துப் பக்கம் கூலியை உயர்த்தக் கேட்டு யாரும் அறுப்புக்கு இறங்கவில்லை. வயல் நிறைய நெல் நின்றது... நம் அடுப்பு எரியவில்லை.

"பிரச்சன தீந்ததும் வந்து கூட்டிக்கிறேன்" என்று சொல்லி, அம்மா பிறந்த மலையில், மாமா வீட்டில் விட்டுப்போனார்.

மாமாவுக்குக் கொஞ்சம் சாமை விளையும். மற்றதெல்லாம் காடுதான் கொடுத்தது. கடுக்காய் பொறுக்குவார்கள், தேன் எடுப்பார்கள், துடைப்பம் கட்டச் சீமாற்றுப் புல் அறுப்பார்கள். அதைச் சந்தையில் விற்று உப்பும் துணியும் வாங்குவார்கள். விறகு, கீரை, கிழங்குக்குக் காசே கிடையாது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவ்வளவு நெல் விளையும் ஊரில் நாம் பட்டினி. வயலே இல்லாத இடத்தில் இரண்டு வேளையும் சாப்பாடு.

முதல் நாள் நீ ஒரு கிழங்கைத் தோண்டினாய். ஒற்றையடிப் பாதையில் தேன் எடுக்கப் போன ஒரு ஆள் வந்தார். உடனே கிழங்கைப் பாவாடை மடியில் சுருட்டிக்கொண்டு புதருக்குள் ஓடினாய். நம் ஊரில் உதிர்ந்த கதிரைப் பொறுக்கினால்கூடப் பண்ணைக் காரியக்காரர் வந்து மடியை உதறச் சொல்வாரே... அந்தப் பயம்.

அத்தை சிரித்தாள். "யாருக்குடி ஒளிக்கிற? அவரு தேனுக்குப் போறாரு. கொடியோட தலைய மட்டும் குழியில வச்சு மூடு. அடுத்த வருசம் திங்க வேணாமா?"

நீதான் ரொம்ப நேரம் அந்த மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தாய்.

கூலி பேசி முடிந்ததும் அப்பா வந்தார். மலையடிவாரத்தில் பஸ் நின்றது. நான் ஏறிவிட்டேன். நீ ஏறவில்லை.

"நீங்க போங்கப்பா. நான் அப்புறமா வரேன்."

அப்பா ஏன் உன்னை இழுத்து ஏற்றவில்லை... அதுவும் தெரியவில்லை. பிறகு மாமா மகனையே கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாய்.

இப்போது மலையிலும் ரேஷன் அரிசிதான். இங்கே என் பேரில் பட்டாவோடு ஒரு துண்டு நிலம் இருக்கிறது.

ஆனால் உன் காரியத்தன்று உன் மகள் ஒரு கிழங்கை என் கையில் கொடுத்ததும், நான் அதை முந்தானையில் மூடிக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தேன்.

"பெரியம்மா, யாரப் பாக்குறீங்க?" என்று கேட்டாள். அவள் கொடியின் தலையைக் குழியில் வைத்து மூடினாள். உன்னை மாதிரியே மண்ணைத் தட்டினாள்.

பொம்மி... அன்னிக்கு பஸ் ஏறாம, அந்தக் காடு புடிச்சுப்போயா நின்ன? இல்ல, நம்ம வீட்டுல ஒரு வயிறு குறையட்டும்னு நின்னியாடி?