நகத்தில் நின்ற தண்ணீர்

அம்மாவின் கட்டைவிரல் நகம் குழிந்திருக்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் நிற்கும். உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வேறு எந்தப் பையனின் அம்மாவுக்கும் அப்படி நகம் இல்லை என்று எனக்குப் பெருமை. அப்பா சூளை வேலைக்குப் போய்த் திரும்பாதவர். அம்மா நடவுக்குப் போனாள். நாற்றுமுடியைப் பிரிக்கும்போது நகம் ஒடிந்து வரும்.

மாதா மாதம் ஏரிக்கரைக்கு மருத்துவ வண்டி வரும். நர்ஸ் அம்மாவின் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஒடம்புல ரத்தமே இல்லம்மா. அடுத்த தபாவும் நகம் இப்டி வெளுத்திருந்தா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில சேத்துடுவேன்."

அம்மாவின் தம்பி ஒரகடத்துக் கம்பெனியில் மூட்டை ஏற்றுபவர். சாயங்காலம் ஜிம்முக்குப் போவார். விஷயம் கேட்டு ஒரு பெரிய டப்பாவைக் கொண்டுவந்தார். அதன்மேல் சட்டையில்லாத ஒருவன் கையை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அமினோ ஆசிட் மாத்திரக்கா. நகம், முடி எல்லாம் இதுலதான் வளருது."

"எனக்கே சோறு எறங்கல. நகத்துக்குத் தனியா தீனியாடா?"

"அப்ப ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

"நான் போய்ப் படுத்துக்கினா இவன யாரு பாக்கறது? நீயா?"

மாமா டப்பாவைத் திறந்து நீட்டினார். அம்மா மாத்திரையை விழுங்கினாள். நகம் அப்படியேதான் இருந்தது.

வண்டி வருவதற்கு முந்தின நாள் என்னை மருதாணி பறித்துவரச் சொன்னாள். உள்ளங்கையை விட்டுவிட்டு நகங்களுக்கு மட்டும் கெட்டியாக அப்பிக்கொண்டாள். அதன்பின் எத்தனையோ ஊர்களில் தங்கிவிட்டேன். பண்டிகையில்லாத நாளில் அப்படி வைத்துக்கொண்ட ஒருத்தியைப் பார்த்ததில்லை.

"இன்னாம்மா, மருதாணி வச்சிக்கினு வந்துகீற? இதுல நான் இன்னாத்த பாக்கறது?"

"தம்பிக்குப் பொண்ணு பாக்கப் போறோம் மேடம்."

நர்ஸ் சிரித்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டாள். வரிசை நீளம். நான் புதுச் சட்டை கிடைக்கும் என்று காத்திருந்தேன். பெண் பார்க்க யாரும் போகவில்லை.

அடுத்த மாதம் வண்டி வந்த அன்று அம்மா நடவிலிருந்து கரையேறவே இல்லை. அறுவடைக்குள் படுத்துவிட்டாள். மாமா ஆட்டோ பிடித்து வந்தபோது தூக்கி உட்கார வைக்கவும் முடியவில்லை.

வாசலில் கிடத்தியிருந்தபோது அம்மாவின் கையைப் பார்த்தேன். மருதாணிச் சிவப்பு நுனிகளில் மட்டும் நின்றது. மற்றதெல்லாம் புதிதாக முளைத்த வெள்ளை நகம். டப்பா பலித்துவிட்டது என்று நினைத்து, அழுதுகொண்டிருந்த மாமாவை இழுத்துவந்து காட்டினேன்.

"மாமா, வளந்துக்கீது பாரு."

மாமா அந்தக் கையைப் புடவைக்குள் வைத்து மூடினார். பிறகு ஏன் என் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போனார் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.