பொட்டு வைத்த மழைமானி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் சாமிக்குப் பயப்படாத ஒரே ஆள் மாமாதான். அம்மாவின் தம்பி. ஹட்டனுக்குப் போய் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவர். படித்து முடித்தும் வேலை கிடைக்காமல் எங்களோடு ஒற்றை அறைக் காம்பிராவில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார். கோயில் பக்கம் போகமாட்டார், முனியாண்டிக்குப் படைத்த பொங்கலை மட்டும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவார். "சாமிக்கும் எனக்கும் சண்டை இல்ல பாப்பா, பேச்சுவார்த்தைதான் இல்ல" என்பார்.

எங்கள் மலையில் மண் சரியலாம் என்று அதிகாரிகள் வந்து வாசலுக்கு எதிரே ஒரு கம்பம் நட்டு மழைமானி பொருத்தினார்கள். மேலே புனல், கீழே பிளாஸ்டிக் குழாய், குழாயில் மஞ்சளும் சிவப்புமாக இரண்டு கோடுகள். தண்ணீர் மஞ்சளைத் தொட்டால் மூட்டை கட்ட வேண்டும். சிவப்பைத் தொட்டால் லயத்தை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாமாவுக்கு. காலையும் மாலையும் கழற்றி, அளந்து, கொப்பியில் எழுதுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்த பக்தியை நான் எந்தப் பூசாரியிடமும் பார்த்ததில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை அடைமழையில் வந்தது. அம்மா செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார். எனக்குப் பத்து வயது. மாமாவின் கருவி மட்டும் மழையில் தனியாக நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, ஒங்க மெஷினுக்கும் வைக்கவா?"

"வையி, வையி. அதுவும் ஒழைக்கிற சாமான்தானே" என்று கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

முக்காலி போட்டு ஏறினேன். கை நிறையச் சந்தனத்தை அப்பிப் பொட்டு வைத்தேன். ஒரு மஞ்சள் செவ்வந்தியைக் காற்றில் விழாதபடி புனலின் ஓட்டையில் காம்போடு அழுத்திச் செருகினேன். எனக்கே அழகாக இருந்தது.

பூஜை வைத்த சாமானை மறுநாள் பூஜை முடியும்வரை தொடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். மற்ற நாளென்றால் மாமா சிரித்திருப்பார். அன்று அக்காவின் மனசுக்காக மழைமானியைக் கழற்றாமல், குடைக்குள் நின்று குழாயை மட்டும் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை லயத்துக்குப் பின்னால் இருந்த ஊற்று செம்மண்ணாகக் கலங்கி ஓடியது.

"முனியாண்டி கோவிச்சுக்கிட்டாரு தம்பி. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிருவோம்" என்றார் அம்மா.

"அளவு மஞ்சளுக்கே வரலக்கா. சாமி கோவிச்சுக்கும், கருவி கோவிச்சுக்காது."

ஊற்று கலங்கினால் மலை நகர்கிறது என்று அதிகாரிகள் கொடுத்த தாளிலேயே அச்சடித்திருந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. மாமாவுக்கோ குழாயைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

கடைசிக் காம்பிராவில் தனியாக இருந்த பெரியம்மா சீலைகளை மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தார். மாமா சொன்னதைக் கேட்டதும், "படிச்ச புள்ள சொல்லுது" என்று மூட்டையை அவிழ்த்துவிட்டு அடுப்பு மூட்டப் போனார்.

மதியம் மலை இறங்கியது. பெரியம்மாவின் காம்பிரா இருந்த இடத்தில், மண்ணோடு சரிந்து வந்த தேயிலைச் செடிகள் நிமிர்ந்தபடியே நின்றன. அந்தக் காட்சி இன்னும் என் கனவில் வருகிறது. அவரை மாலையில்தான் எடுத்தார்கள்.

அடுத்த நாள் அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். அவர்கள் இறங்குவதற்குள் மாமா மழைமானியிடம் ஓடினார். குழாயில் தண்ணீர் மஞ்சளுக்குக் கீழேயே நின்றது. புனல் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் புனலுக்குள் விரலை விட்டு எதையோ பிடுங்கிக் கையை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"நான்தான் சரியாப் பாக்கல சேர்" என்றார் அதிகாரியிடம். "குடிச்சிருந்தேன்."

மாமா குடித்து நான் பார்த்ததே இல்லை.

அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். புதிய மழைமானி வைக்க வந்தவர்களை லயத்துக்காரர்கள் விரட்டியபோது மாமா அவர்களைத் தடுக்கவில்லை. நெற்றி நிறையத் திருநீறோடு தினமும் முனியாண்டி கோயிலில் போய் உட்கார்ந்தார். சாமி கடைசியில் மாமாவைத் திருத்திவிட்டது என்று நானும் நம்பினேன்.

அதற்கெல்லாம் முன்பு, அன்று ஜீப் போன கையோடு, ஊர் பேசியதை நான் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

"நீங்க சாமி கும்பிட்டிருந்தா பெரியம்மா செத்திருக்க மாட்டாங்க மாமா."

அவர் அதுவரை மூடியே வைத்திருந்த கையைத் திறந்து என் தலையைத் தடவினார்.

"ஆமா பாப்பா. மாமா கும்பிடல."

என் முடியில் ஈரமாக ஏதோ ஒட்டியது. எடுத்துப் பார்த்தேன்; ஒரு மஞ்சள் இதழ். எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பூஜைப் பூதானே என்று பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.