எனக்கு ரிப்பேர், அவனுக்குப் புதுசு

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி எங்கள் ஸ்டுடியோ இருந்தது. போர்டில் என் கணவர் பெயர். அவர் கல்யாணம், காதுகுத்து என்று வெளியே சுற்றினார். கடையில் நின்று பாஸ்போர்ட் போட்டோ எடுத்தது நான்தான். கூடுவாஞ்சேரியிலிருந்துகூட முஸ்லிம் பெண்கள் பஸ் ஏறி வருவார்கள். உள்ளே படம் எடுப்பவள் ஒரு பெண் என்பதால் தயங்காமல் முகத்திரையை விலக்குவார்கள்.

குடை மாட்டிய இரண்டு ஃபிளாஷ் லைட்டுகள் இருந்தன. இரண்டும் அவர் யாரிடமோ செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. ஒரு தடவை அடித்தால் மறுபடி சார்ஜ் ஏறுவதற்குள் உட்கார்ந்திருப்பவர் முகம் தொங்கிப்போகும். இடதுபக்கத்து லைட்டுக்கு மனசு வந்தால்தான் அடிக்கும். அடிக்காவிட்டால் பாதி முகம் கறுப்பாக விழும். அதற்குள் திரையைப் போட்டுக்கொண்ட பெண்ணிடம், இன்னொரு தடவை விலக்குங்கள் என்று நான் கெஞ்ச வேண்டும். ஸ்டாண்டைத் தொட்டால் ஷாக் வேறு. ரப்பர் செருப்பு போடாமல் அந்த அறைக்குள் நான் நின்றதே இல்லை.

"புதுசு வாங்கிடலாங்க" என்று நான் கேட்காத மாதம் கிடையாது.

"கெப்பாசிட்டர்தான் வீக்கு. அத மாத்தினா போதும். ரிப்பேரே போதும்" என்பார்.

பிரித்துப் பார்த்த மெக்கானிக்கே அவரிடம், "சார், இது ரொம்ப நாள் தாங்காது. மாத்திடறதுதான் நல்லது" என்று சொன்னார். என் கணவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லைட் ரிப்பேருக்குப் போன நாட்களில் வாசலில் நின்று, "லைட் ரிப்பேர், அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்புவதும் என் வேலைதான். துபாயில் இருக்கும் தன் கணவரிடம் போகக் காத்திருந்த ஒரு பெண், கைக்குழந்தையோடு வந்து வந்து திரும்பினாள்.

"இன்னாக்கா, எப்ப வந்தாலும் ரிப்பேராவே கீது?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் கொழுந்தன் வெளிநாட்டு வேலை போய் ஊர் திரும்பினான். அவன் கடையில் உட்காரட்டும் என்று முடிவானது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் நாளே அவன் இடதுபக்க ஸ்டாண்டைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான்.

"இன்னாண்ணா இது, ஆளையே தூக்குது. இத்த வெச்சிகினு எப்டி தொழில் பண்றது?"

அந்த வாரமே புது லைட்டுகள் ஜோடியாக வந்து இறங்கின. ஐந்து வருடம் என் உடம்பில் ஏறியதெல்லாம் ஷாக் இல்லை போலிருக்கிறது. வயிறு எரிந்தது. அதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"இனிமே அவன் பார்த்துக்குவான். நீ வீட்ல ரெஸ்ட் எடு" என்றார் கணவர். எங்கள் வீட்டில் பத்துப்பாத்திரம் தேய்ப்பதற்கு ரெஸ்ட் என்று பெயர்.

சில நாள் கழித்து, காலையில் கடைக்குப் போனவர் உடனே திரும்பி வந்தார். கடைக்கு மூன்று பெண்கள் வந்திருக்கிறார்கள். கொழுந்தன் கேமராவைத் தூக்கியதும், "அக்கா இல்லியா?" என்று கேட்டுவிட்டு, திரையை விலக்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்களாம்.

"ஒரு எட்டு வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போயிடு. புது லைட்டு, பளிச்சுனு விழுது" என்றார்.

நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் புது லைட்டை ஒரு தடவையாவது அடித்துப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. அந்தப் பெண்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி வீட்டுக்குத்தானே வர வேண்டும்.

"லைட் ரிப்பேர்னு சொல்லி அனுப்பிடுங்க" என்றேன்.

அடுத்த கத்தரிக்காயை எடுத்தேன். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. வந்தவர்களின் முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்வது எப்படி இருக்கும் என்று அவரும் ஒரு தடவை தெரிந்துகொள்ளட்டும்.