முடி கட்டிக் காத்த கோழிகள்

என் தம்பி ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஒரு கீரி. ஒரு பருந்து, அது ஜோடியாக வந்தது என்று அவன் சொல்வான், நான் பார்த்தது ஒன்றைத்தான். கோழிப்பேன். மழை பெய்தால் குளமாகும் ஒரு புழக்கடை. கோழி வளர்க்கிறவன் உருப்பட மாட்டான் என்று சொன்ன அவனுடைய மாமியார். வலது கைக்காரர்களுக்கென்றே செய்யப்பட்ட கத்தரிக்கோல், ஏனென்றால் அவன் இடது கைக்காரன். கடைசியாக, மாடியில் குடியிருக்கும் ஓனரம்மா. இதில் கீரிதான் சுலபம்.

அவனைத் தெருவில் எல்லாரும் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பக்கம் முடிவெட்டும் கடை, அதற்குப் பின்னால் அவனும் அவன் மனைவியும் இருக்கிற ஒரே அறை, அதற்கும் பின்னால் அந்தப் புழக்கடை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அவன் பேசுவதைக் கேட்க யாராவது வேண்டும். மனைவி ஓரளவுக்குத்தான் தாங்குவாள். அவள்தான் ஒரு நாள் சந்தையிலிருந்து கூடை நிறையக் குஞ்சுகளை வாங்கி வந்து, "இனிமே இதுங்ககிட்ட பேசுங்க" என்று விட்டுவிட்டாள்.

குஞ்சுகள் வளர்ந்ததும் தொழில் புத்தியில் பேர் வைத்தான். கொண்டை பெரிதாக இருந்தது கிராப்பு. இறகு கலைந்தது சுருட்டை. கோடையில் இறகு உதிர்த்தது சம்மர். கழுத்தில் இறகே முளைக்காதது மெஷின் கட்டு. இந்த மெஷின் கட்டு அவன் கையைத் தவிர வேறு கையில் தீனி எடுக்காது. நான் தவிட்டோடு நின்றால் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

பேன் வந்தபோது கடையில் விற்கும் மருந்துப் பொடி எதையும் அவன் தொடவில்லை. பக்கத்து பேக்கரியின் விறகு அடுப்புச் சாம்பலை வாங்கி வந்து, சலித்த மணலும் காய்ந்த வேப்பிலைத் தூளும் கலந்து, கடையில் உடைந்துபோன தலை அலசும் தொட்டியில் நிரப்பினான். கோழிகள் அதில் புரண்டு குளிக்கும். பழக்க தோஷம், அவன் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் தலையைச் சாய்ங்க" என்பான். அவை அடையும் கம்புகளின் விரிசல்களில் எண்ணெய் தடவுவான். பகலில் பேன் பதுங்குவது அங்கேதான் என்று கண்டுபிடித்ததும் அவனே. இதை நான் பெருமையாகச் சொல்கிறேன். அவன் பத்து மடங்கு பெருமையாகச் சொல்வான்.

பருந்துக்குக் கண்ணாடித் துண்டுகளைத் தொங்கவிட்டான். பருந்து மிரண்டதா தெரியாது, சம்மர் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. "நம்ம கடைக் கோழி இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்றான். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சுவருக்குச் சுவர் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டினான். கீழே கோழிகள் ஓடி ஒளிய ஒரு புதர்ச் செடியும் வைத்தான். பருந்து வேறு தெருவுக்குப் போனது.

கீரி வந்தது நல்ல பகலில். ஓய்வுபெற்ற தபால்காரருக்கு அவன் பாதி முகம் சவரம் செய்திருந்தபோது பின்னால் கூச்சல் கேட்டது. கத்தியோடு அவன் ஓட, மீதி முகத்தில் நுரையோடு தபால்காரர் பின்னால் ஓட, சுருட்டையின் இறகுகள் மட்டும்தான் மிச்சம் இருந்தன.

மாடியிலிருந்து ஓனரம்மா எட்டிப் பார்த்தார். "எலி மருந்தைச் சோத்துல பெசஞ்சு வைப்பா. ரெண்டு நாள்ல தீர்ந்துடும்."

"தீர்ந்துடும்மா. கோழியும் சேர்ந்து தீர்ந்துடும்."

மறுநாள் வேலி ஓரம் முழுக்கத் தோண்டி, கம்பி வலையை மண்ணுக்குள் இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்தான். தோண்டி நுழையப் பார்த்தால் வலையில்தான் முட்ட வேண்டும். இதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மனித வாடை அடித்தால் கீரி கிட்டே வராது என்று யாரோ சொல்ல, தினமும் கூட்டிக் கொட்டுகிற முடி அவன் கண்ணில் பட்டது. பழைய காலுறைகளில் முடியை அடைத்து, வாயைக் கட்டி, வேலி நெடுகத் தொங்கவிட்டான். மழையில் வாடை போய்விடும் என்று வாராவாரம் மாற்றினான்.

கீரி அதன் பிறகு வரவில்லை. வலை தடுத்ததா முடி தடுத்ததா என்று என்னைக் கேட்டால் வலை என்பேன். கடைக்கு வருகிறவர்களிடம் அப்படிச் சொல்ல முடியுமா? ஒவ்வொருவரும் தன் முடிதான் கீரியை விரட்டியது என்று நம்பினார்கள். பேப்பர் படிக்க மட்டும் கடைக்கு வரும் சொட்டை மாமாவுக்குத்தான் முகம் வாடிப்போனது.

இதெல்லாம் தெரியாமல் ஒரு வியாழக்கிழமை காலை துணி காயப்போட வந்த ஓனரம்மா வேலியைப் பார்த்துவிட்டார்.

"யாரு வேலைப்பா இது? என் வீட்டைச் சுத்தி எதுக்கு முடியைக் கட்டி வச்சிருக்க?"

"கீரிக்கும்மா."

"கீரிக்கு எதுக்கு முடி? அது என்ன சவுரி வச்சுக்கப் போகுதா?"

"மனுச வாடைக்கும்மா."

"பத்து நாளா எனக்கு முழங்கால் வலி. எதனாலன்னு இப்பல்ல தெரியுது."

"மாடிப்படி ஏறினா வலிக்கத்தான்மா செய்யும்."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதில் என் தம்பிக்கு நிகர் அவனேதான். செய்வினை என்று அந்தம்மா முடிவு கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியும் போக வேண்டும், கோழியும் போக வேண்டும், இல்லையென்றால் அவன் போக வேண்டும்.

என் வீட்டுக்கு வந்து தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"கோழியை யார்கிட்டயாவது குடுத்துடவா அக்கா?"

"குடேன். வீடாவது நாறாம இருக்கும்."

பதிலுக்கு ஒரு கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "மெஷின் கட்டு பட்டினி கிடக்கும்" என்று மட்டும் சொன்னான். அப்போதுதான் எனக்கு விஷயம் விளையாட்டில்லை என்று உறைத்தது. கடையை வேறு இடத்துக்கு மாற்ற அவனால் முடியாது. அந்தக் கோழிகளை இன்னொருவன் கையில் கொடுக்கவும் அவனால் முடியாது.

முடிவெட்டும் கடையில் சொன்ன சேதி ஊருக்குச் சொன்ன சேதி. ஞாயிறு காலை நான் போனபோது புழக்கடையில் தபால்காரர், பேக்கரிக்காரர், சொட்டை மாமா மூவரும் நின்றிருந்தார்கள். ஓனரம்மா மாடிப்படியின் பாதியில் நின்றிருந்தார்.

"அம்மா, அந்தச் சிவப்பு சாக்ஸ்ல இருக்கிறது என் முடி" என்றார் தபால்காரர். "செய்வினைன்னா முடிக்காரனுக்குத்தானே ஏதாவது ஆகணும்? என்னைப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கேன்."

"அதை உங்க வீட்டுல கேட்டாத்தான் தெரியும்."

"என்னுது எதுலயும் இல்லம்மா" என்றார் சொட்டை மாமா. "சும்மா சாட்சிக்கு வந்தேன்."

அப்போது மாடி வராந்தாவிலிருந்து ஓனரின் குரல் கேட்டது. "அந்த நீல சாக்ஸ்ல இருக்கிறது என்னுது."

அந்தம்மா திரும்பினார். "நீங்க எப்ப முடி வெட்டினீங்க?"

"போன வாரம்."

"என்கிட்ட சொல்லவே இல்ல."

"வெட்டிட்டு வந்து உன் எதிர்லதான் சாப்பிட்டேன். நீ பார்க்கலன்னா நான் என்ன பண்றது?"

பேக்கரிக்காரர் வேலியை மிகவும் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தம்மா கணவர் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தலையும் நன்றாகத்தான் இருந்தது, ஆளும் நன்றாகத்தான் இருந்தார். சொந்தப் புருஷன் முடியும் அதே வேலியில் தொங்கும்போது செய்வினை என்ற பேச்சை மேலே கொண்டுபோக அவருக்கு வழியில்லை.

"சரி, கோழி இருக்கட்டும். இந்த மூட்டையை எல்லாம் என் கண்ணுல படாம கீழே கட்டு. கோழியால எது வந்தாலும் நீதான் பொறுப்புன்னு எழுதிக் குடு."

"தரேன்மா. கைநாட்டு வச்சுத் தரேன்."

"அதெல்லாம் வேண்டாம். நாளைக்கு விரல் என்னுது இல்லம்பே. பேரை எழுதிக் கையெழுத்துப் போடு. புதன்கிழமை வரைக்கும் டைம்."

பள்ளிக்கூடத்துக்கும் என் தம்பிக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டாம் வகுப்பிலேயே இருவரும் பிரிந்துவிட்டார்கள். கடை வாடகைப் பத்திரத்தில்கூடக் கைநாட்டுதான். பெயரைத் தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். "எதுக்கு? வெளியில அவ்வளவு பெருசா எழுதியிருக்கே" என்று கடையின் பெயர்ப்பலகையைக் காட்டினான்.

மூன்று நாளும் அதைப் பார்த்துப் பார்த்து, சவர நுரையைக் கண்ணாடியில் பூசி விரலால் எழுதிப் பழகினான். நாற்காலியில் இருந்தவர்கள் தங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல், அவன் பெயரைப் பார்த்துக்கொண்டே சவரம் செய்துகொண்டார்கள். பலகை எழுதிய பெயிண்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிழல் கொடுத்திருந்தார். அதுவும் எழுத்தில் சேர்ந்தது என்று என் தம்பி நினைத்துக்கொண்டான். பெயரின் முடிவில் இருந்த கத்தரிக்கோலைப் பற்றி மட்டும் சந்தேகம் வந்து, "இது எழுத்தா, படமா அக்கா?" என்று கேட்டான். படம் என்றேன். நிழலைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புதன்கிழமை மாடிப்படியின் கைப்பிடிச் சுவரில் தாளை வைத்தார்கள். வாசகத்தைத் தபால்காரர் எழுதியிருந்தார். என் தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொன்றுக்கும் நிழல் போட்டு எழுதினான். அதற்குள் அந்தம்மாவுக்கு நின்று நின்று கால் கடுத்துவிட்டது.

"என்னப்பா இது, கையெழுத்தா போர்டா?"

"அந்த போர்டு யாருதும்மா?"

"உன்னுது."

"அப்ப இதுவும் என்னுதுதான்."

அவர் தாளை மடித்து எடுத்துக்கொண்டு மேலே போனார். இவன் தவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனான். தாளின் கீழே தேதி போட மறந்துவிட்டார்கள், அதனால் நான் இங்கே எழுதி வைக்கிறேன். என் தம்பி முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டது 2017 ஜூன் 14, புதன்கிழமை.